இரவு இரண்டு மணிக்கு நாடி பிடித்துப் பார்க்கும் வாசகிக்கு



உங்கள் கடிதமும் அதோடு இணைத்திருந்த ரிப்போர்ட் நகல்களும் கிடைத்தன. பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், வராது. ஆனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேதான் எழுதுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே சொல்லிக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் நிறையப் பேர். பலர் கிளம்பும்போது, "இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர், பைத்தியம்னு நினைப்பாங்க" என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

படுத்ததும் நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது, அடுத்த நொடியே "தொம்" என்று ஒரு அடி, பிறகு கை விரல் மதமதப்பு, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் ஒரு உணர்வு, தலை கிறுகிறுப்பு என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை நடு இரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறீர்கள். வாசலை மிதித்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. ஈ.சி.ஜி. நார்மல். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் "நடிக்கிறா" என்றார்கள் என்றும், "ஒருவேளை நிஜமாகவே நடிக்கிறேனோ" என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த வரிதான். ஆகவே முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு உணர்வுக்கும் உடம்புக்குள் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களை விளக்குவதற்குத்தான் இந்தக் கடிதம்.

நெஞ்சிலிருந்து தொடங்குகிறேன். நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் உரிய மின்தூண்டல் இதயத்தின் வலது மேலறையில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து கிளம்புகிறது. எப்போதாவது இதயத் தசையின் வேறு ஏதோ ஒரு மூலை முந்திக்கொண்டு தானே ஒரு தூண்டலை அனுப்பிவிடும். அந்த நேரத்தில் இதய அறைக்குள் ரத்தம் முழுசாக நிரம்பியிருக்காது. அதனால் அந்த அவசரத் துடிப்பு பலமில்லாமல் போகிறது. கையில் நாடி பிடித்தால் தட்டுப்படாது. உங்களுக்கு "ஒன்று விட்டுப்போச்சு" என்று தோன்றுவது அதுதான். அதன் பிறகு இதயம் சற்றுத் தாமதித்துத் தன் பழைய தாளத்தைப் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. உங்கள் "தொம்" அது. இதயம் நின்று நின்று ஓடுகிறது என்று பயந்திருந்தீர்கள். அது நிற்கவில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டது, அடுத்தது கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

மார்பில் ஹோல்டர் கருவியை ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தால், எந்தக் குறையும் இல்லாதவர்களிலும் பலருக்கு இப்படிப்பட்ட துடிப்புகள் தென்படும். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தூக்கம் கெட்டால், காப்பி கூடினால், கவலை கூடினால், ரத்தசோகை இருந்தால், தைராய்டு அதிகம் சுரந்தால் இவையும் கூடும். இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருக்கமாக வருவதால் இன்னும் நன்றாகத் தெரியும். இரவில் மட்டும் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். பகலிலும் வந்திருக்கும். குக்கர் விசில், ஸ்கூல் வேன், குழந்தையின் அழுகை எல்லாவற்றுக்கும் நடுவில் அதைக் கவனிக்க உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது.

ரத்தசோகை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். இங்கே நிற்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் எக்கோ நார்மல், டிரெட்மில் டெஸ்ட் நார்மல், தைராய்டு நார்மல். இவற்றையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதி, "இவற்றில் தப்பிய ஏதாவது இருக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே ரிப்போர்ட்டின் முதல் தாளில் ஹீமோகுளோபின் 9.6 என்று இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: மாத்திரை கொடுத்தார்கள், மலம் கறுப்பாகப் போனது, குடலில் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்று போனில் படித்தேன், பயந்து நிறுத்திவிட்டேன்.

கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 9.6 என்பது நடுத்தர ரத்தசோகை. ஆக்ஸிஜனைச் சுமந்து போக ஆள் குறைவாக இருப்பதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. படபடப்பு, மாடி ஏறினால் மேல்மூச்சு, சோர்வு, தலைசுற்றல் எல்லாம் இதிலேயே வரும். நம் நாட்டில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் குறை இருக்கிறது. அதனாலேயே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடல்நலம் பற்றிய பயம் செய்யும் மிகப் பெரிய கெடுதல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெரிய நோயைத் தேடி அலைய வைத்து, கண்ணெதிரே இருக்கிற சின்ன, சரிசெய்யக்கூடிய குறையைப் பார்க்க விடாமல் செய்துவிடுகிறது.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கத்தான் செய்யும். உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியேறுகிறது. குடலில் ரத்தம் கசிந்தால் வரும் கறுப்பு வேறு. அது தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், தாங்க முடியாத நாற்றம் இருக்கும். அப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அது இல்லை. மாத்திரையை டீ, காப்பியோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் நல்லது. வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் முறையும் உண்டு, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்றும் அவர் கேட்பார், வெட்கப்படாமல் சொல்லுங்கள். எண் 12-ஐத் தொட்ட பிறகும் சேமிப்பு நிரம்புவதற்குச் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

இதைப் படித்ததும், "அப்ப எல்லாமே ரத்தசோகைதானா" என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நான் அப்படியே விட்டுவிட்டால் உங்களுக்கு உதவியதாகாது. ஹீமோகுளோபின் ஏறினால் படபடப்பு குறையும். பயம் தானாகக் குறையாது. அது வேறு ஒரு பொருளைத் தேடிக்கொள்ளும். உங்கள் கடிதத்திலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது: போன வருடம் தொண்டையில் உருண்டை, கேன்சர் என்று பயந்தீர்கள், அதற்கு முன் கண்ணில் பூச்சி பறப்பது போல் தெரிந்தது, கண் இமை துடித்தபோது நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தீர்கள்.

பயத்துக்கு இத்தனை பொருள் எங்கிருந்து கிடைக்கிறது? 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையைப் பதிவு செய்தார்கள். காதில் எந்தக் குறையும் இல்லாத, இரைச்சல் என்று ஒருநாளும் புகார் சொல்லாத 80 பேரை, வெளிச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். காதில் ஏதாவது கேட்டால் சொல்லுங்கள் என்றார்கள். 94 சதவீதம் பேருக்குக் கேட்டது. ரீங்காரம், விசில், இரைச்சல் என்று பலவிதமாக. அந்தச் சத்தங்களை அறை உண்டாக்கவில்லை. நாள் முழுதும் அவர்களுடனேயே இருந்தவைதான் அவை. வெளிச் சத்தம் அடங்கியதும், கவனி என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தன. உடம்பு ஓயாமல் வேலை செய்கிற இடம். குடல் நெளிகிறது, தசை துடிக்கிறது, மூட்டு சொடுக்குகிறது, கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளில் நார்கள் மிதக்கின்றன. நீங்கள் நடுராத்திரியில் விளக்கணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்துக் காத்திருக்கிறீர்கள். அந்த 80 பேரும் உட்கார்ந்த அறைதான் அது. அப்படிக் காத்திருந்தால் யாருக்கும் ஏதாவது ஒன்று கேட்கும்.

உடம்பின் சின்னச் சின்ன அசைவுகளுக்குப் பொருள் தேடுவது நமக்குப் புதிதல்ல. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள். உள்ளங்கை அரித்தால் பணம் வரும். கண் துடித்தால் இடமா வலமா என்று கேட்டு நல்லதோ கெட்டதோ சொல்வார்கள். அந்தப் பலன்கள் உண்மை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாரையும் ராத்திரி முழுக்க உட்கார வைக்கவில்லை. என் பாட்டி கண் துடித்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விடுவார். இன்று போனில் "கண் இமை துடிப்பு" என்று தட்டுகிறோம். முதலில் தூக்கக் குறைவு என்று வரும். விரலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினால் எந்தத் துடிப்புக்கும் கடைசியில் ஒரு கொடிய நோய் காத்திருக்கும். பயந்த மனம் முதல் வரியில் நிற்காது. அது எப்போதும் கடைசி வரிவரை போய்த்தான் தீரும்.

சரி, விரல் மதமதப்பும் உதட்டைச் சுற்றி ஊர்வதும்? நெஞ்சில் அந்தத் "தொம்" விழுந்ததும் உங்களுக்குப் பயம் பிடிக்கிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். இன்னும் சில துடிப்புகள் முந்தும். கூடவே நீங்கள் அறியாமல் வேகவேகமாக மூச்சு விடுகிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளை அமைதியாக வைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடனே விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல் இருக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் கொஞ்சம் சுருங்குவதால் கிறுகிறுக்கும். மூச்சு போதவில்லை என்று தோன்றும்; அதனால் இன்னும் வேகமாக மூச்சு விடுவீர்கள். இதற்கெல்லாம் உச்சம் சில நிமிடங்கள்தான். பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் அது இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் "இனிக் கவலையில்லை" என்று மனம் தளர்ந்ததும் சேர்ந்துகொண்டது. நடிப்புக்கு அதில் இடமே இல்லை. அதன் பிறகும் ஒரு மணி நேரம் கை நடுங்கியது என்று எழுதியிருந்தீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றுமே, அதுபோலச் சுரந்த அட்ரினலின் தீரும்வரை அப்படித்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லி யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம். உண்மையிலேயே இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், அது போதும்.

இப்போது, எப்போது காத்திருக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "எல்லாம் கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து, மாரடைப்போடு காலையில் வருகிறவர்களையும் நான் பார்க்கிறேன். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, அது இடது கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, கூடவே குப்பென்று வியர்த்தாலோ, 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி அவ்வளவாக இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத கடும் சோர்வு என்றும் வரலாம். படபடப்போடு நினைவு தப்பி விழுந்தாலோ, உழைக்கும்போது படபடப்பு வந்து மயக்கம் போட்டாலோ, குடும்பத்தில் சின்ன வயதிலேயே திடீரென்று இறந்தவர்கள் இருந்தாலோ இதய டாக்டரிடம் தள்ளிப்போடாமல் போக வேண்டும். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் இவற்றுக்கும் அப்படியே 108. கண்ணில் பறக்கும் பூச்சிகள் திடீரென்று மழைபோல் பெருகி, மின்னல் வெட்டி, திரை விழுவது போலிருந்தால் அன்றே கண் டாக்டர். இதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவுக்குள் ஒட்டிவையுங்கள். ஒன்று நடக்கும்போது அந்தத் தாளில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் யோசிக்காமல் போங்கள். இல்லாவிட்டால் இனி நான் சொல்வதைச் செய்யுங்கள்.

நீங்கள் பயத்தைத் தணிக்கச் செய்பவை எல்லாம் பயத்துக்குத் தீனியாகிக்கொண்டிருக்கின்றன. நாடி எண்ணுகிறீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறீர்கள். கணவரை எழுப்பி, "தொட்டுப் பாருங்க, சரியா அடிக்குதா" என்று கேட்கிறீர்கள். அவர் சரி என்றதும் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு, "அவருக்கு என்ன தெரியும்" என்று தோன்றுகிறது. அதேதான் ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. நார்மல் என்று சொன்ன மூன்றாம் நாள், "அந்த நேரத்தில் வராததால்தானே நார்மல் வந்தது" என்று தோன்றுகிறது. இது உங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை. பெரிய நோய்க்கு வாய்ப்புக் குறைவாக இருப்பவர்களுக்கு டெஸ்ட் எடுத்துக் காட்டினால் பயம் தெளிகிறதா என்று பார்த்த 14 ஆய்வுகளை 2013-ல் ரோல்ஃப், பர்ட்டன் என்ற இருவர் தொகுத்துப் பார்த்தார்கள். அந்த டெஸ்டுகளால் கவலையோ, தொந்தரவோ நீடித்துக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஸ்கேன் உடம்பைப் பார்க்கும். "நாளைக்கும் ஒன்றும் ஆகாதா" என்ற கேள்விக்கு எந்த ஸ்கேனிலும் பதில் வராது.

அதனால் உங்களுக்கு நான் தரும் முதல் மருந்து இது: ஒரே ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கருத்து, நான்காவது கருத்து வேண்டாம். அவரிடம் மாதத்தில் ஒரு நாள் என்று குறித்துக்கொண்டு, பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்று போங்கள். நடுவில் புதிதாக எது தோன்றினாலும், அந்தத் தாளில் இல்லாததாக இருந்தால், நோட்டில் எழுதி அந்த நாளுக்குக் கொண்டுபோங்கள். பாதிக்கு மேல் அதற்குள் தானாகப் போயிருக்கும். ஆக்ஸிமீட்டரின் பேட்டரியைக் கழற்றிக் குழந்தையின் பொம்மைக்குப் போட்டுவிடுங்கள். நாடி பார்க்கத் தோன்றும்போது "பார்க்கவே கூடாது" என்று மல்லுக்கட்டாதீர்கள்; பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அது முடிந்ததும் இன்னொரு பத்து. அந்த உந்துதல் ஏறி ஏறிக் கடைசியில் வெடித்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். ஏறும், பிறகு தானே இறங்கும். அது இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும். அதை நான் சொல்லி நீங்கள் நம்ப முடியாது.

உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள். ஐயா, "ஒண்ணுமில்ல, பேசாமப் படு" என்பதும் வேண்டாம், கையைப் பிடித்து நாடி பார்த்துச் சொல்வதும் வேண்டாம். முன்னது அவரைத் தனியாக விடுகிறது, பின்னது அவருடைய சந்தேகத்தை வளர்க்கிறது. பகலில் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ராத்திரி அவர் எழுப்பினால், "பயமா இருக்குன்னு தெரியுது, நான் பக்கத்துலயே இருக்கேன், நாடி மட்டும் பார்க்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். முதல் சில இரவுகள் கோபம் வரும், அழுகை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். "நடிக்கிறே" என்ற வார்த்தையை மட்டும் இனி ஒருநாளும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் அவரை இன்னும் பெரிய நோயைத் தேடிப்போக வைக்கும்; உண்மையை நிரூபிக்க அவருக்கு வேறு வழி தெரியாது.

மாமியார் கண் திருஷ்டி என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார் என்று கொஞ்சம் சலிப்போடு எழுதியிருந்தீர்கள். போடட்டும் அம்மா. அவர் உங்களை நம்புகிறார், தனக்குத் தெரிந்ததைச் செய்கிறார்.

இவ்வளவையும் தனியாகச் செய்ய முடியாமல் போனால், அது தோல்வி இல்லை. இதற்கென்று சிகிச்சை இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, சி.பி.டி. என்பார்கள். இங்கிலாந்தில் ஆறு ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளிகளில் இப்படிப் பயந்துகொண்டே இருந்த 444 பேரிடம் பீட்டர் டைரர் குழு இதைச் சோதித்து, முடிவை லான்செட் இதழில் வெளியிட்டது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பயம் கூடுதலாகக் குறைந்தது. ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அது நீடித்தது. நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தும் இதைத் தர முடிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி, ஏனென்றால் நம் ஊர்களில் மனநல டாக்டர்கள் குறைவு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளி சீட்டு போட்டால் பார்க்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். டாக்டர் மாத்திரை எழுதினால் பயப்பட வேண்டாம். இதற்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் வேலைசெய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்தில் லேசான படபடப்பைக் கூட்டலாம். முன்பே தெரிந்தால் நிறுத்த மாட்டீர்கள். சீட்டில்லாமல் மருந்துக் கடையில் வாங்கி அரை மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அது வேறு வகை. அது பழக்கமாகிவிடும். அதை டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாக விடுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். எதிர் வீட்டு அக்கா, நாற்பத்தொரு வயது, காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நீங்கள்தான் அவர் பிள்ளைகளுக்கு அன்று சாப்பாடு போட்டீர்கள். இதை நான்கு வரியில் முடித்துவிட்டு மறுபடியும் ஈ.சி.ஜி.க்குப் போய்விட்டீர்கள். உங்கள் நெஞ்சு துடிப்பு தொடங்கியது அதற்கு அடுத்த மாதம். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்த கை, இரவில் தன் நாடியைத் தேடுகிறது. "நான் போய்விட்டால் என் மகளை யார் பார்ப்பார்கள்" என்ற கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஹோல்டரில் பதிவாகாத கேள்வி அது. அந்த அக்காவுக்காக நீங்கள் இன்னும் சரியாக அழவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கணவரிடமோ, பிள்ளைகளிடமோ அவரைப் பற்றிப் பேசுங்கள். அந்த வீட்டு வாசலைத் தவிர்த்து வேறு தெரு வழியாகப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இனி அந்த வழியாகவே போங்கள்.

ஒன்றும் ஆகாது என்று நூறு சதவீதம் உறுதி கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னால் முடியாது. யாராலும் முடியாது. உறுதி இல்லாமலே கிளம்பிய ஒருவரைச் சொல்கிறேன். 1831-ல் சார்லஸ் டார்வின் என்ற 22 வயது இளைஞர், பீகிள் கப்பல் புறப்படுவதற்காகப் பிளிமத் துறைமுகத்தில் இரண்டு மாதம் காத்திருந்தார். நெஞ்சு படபடத்தது, வலித்தது. எடின்பரோவில் மருத்துவம் பாதி படித்தவர். அந்த அரைகுறை அறிவால் தனக்கு இதய நோய் என்று தீர்மானமே செய்துவிட்டார். டாக்டரிடம் போனால் பயணத்துக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிடுவார் என்று போகவும் இல்லை. பிற்காலத்தில் தன்வரலாற்றில் இதை அவரே எழுதியிருக்கிறார். டாக்டரிடம் போகாததை நீங்கள் பின்பற்ற வேண்டாம், நீங்கள் போயாகிவிட்டது. அவர் அந்தப் படபடப்போடு கப்பல் ஏறினார். கிட்டத்தட்ட ஐந்து வருடம் உலகைச் சுற்றினார், ஆண்டீஸ் மலையில் ஏறினார். 1882-ல், 73 வயதில் இறந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது இதய நோய்தான். பிளிமத்தில் பயந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் இருந்தன. திருமணம், பத்துக் குழந்தைகள், அவர் எழுதிய புத்தகங்கள் எல்லாம் அந்த ஐம்பது ஆண்டுகளில்தான்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள். மகளுக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல், படி ஏறினால் நெஞ்சு நின்றுவிடுமோ என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போடுகிறீர்கள். ஏறலாமா?

ஏறலாம். டிரெட்மில் டெஸ்டில் உங்கள் இதயம் நன்றாகவே ஓடியிருக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் 11-ஐத் தாண்டட்டும். அதுவரை வீட்டு மாடிப்படியில் பழகுங்கள். ஏறி முடித்ததும் நாடி பார்க்காமல், அடித்துக்கொள்கிற நெஞ்சோடு அப்படியே ரெண்டு நிமிடம் நில்லுங்கள். பழனியில் அறுநூறுக்கு மேல் படிகள். வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள், மண்டபங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். மூச்சு வாங்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஒன்றிரண்டு துடிப்பு விட்டும் அடிக்கும். பக்கத்தில் ஏறுகிற எல்லோருக்கும் அடித்துக்கொள்ளும். இறங்கும்போது வேண்டுமானால் வின்ச்சில் வாருங்கள், குழந்தைக்கு அது பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்